மின்கம்பம் விற்கும் மிஸஸ் கே

அந்த மின்கம்பம் முந்நூற்றைம்பது டாலருக்குப் போயிற்று. வாங்கியது வேலிக்கு அந்தப் பக்கம் அசைபோட்டுக்கொண்டிருந்த ஒரு சிவப்புப் பசு. அதோடு கடைசிவரை மல்லுக்கு நின்றது யார் வீட்டுத் தபால் பெட்டியோ. "முந்நூறு வந்தாச்சு முந்நூத்தம்பது யாரு, யாரு யாரு, தர்றியா தர்றியா முந்நூத்தம்பது, வந்தாச்சு! நானூறு யாரு, தர்றியா நானூறு, அட தாம்மா நானூறு..." என்று ரோண்டா குபிசெக் மூச்சுவிடாமல் கேட்டுப் பார்த்தார். தபால் பெட்டி மசியவில்லை. "போச்சு! செவப்பு மாட்டுக்கே!" என்று வண்டிக் கதவில் உள்ளங்கையால் ஓங்கி அடித்து, பசுவை நோக்கி விரலை நீட்டி முடித்துவிட்டு, அடுத்த கம்பத்தை விற்க வண்டியை முடுக்கினார்.

டோர்னிக்கிலிருந்து நெடுஞ்சாலை வரைக்கும் உள்ள கம்பங்களை எல்லாம் இந்த வசந்தத்துக்குள் அவர் பலமுறை விற்றுவிட்டார். நெப்ராஸ்கா மாநில மின்வாரியத்துக்கு விஷயம் இன்னும் தெரியாது.

ஊரில் அவரை யாரும் ரோண்டா என்று கூப்பிடுவதில்லை. மிஸஸ் கே. முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்து மஞ்சள் பஸ்ஸை ஓட்டியவர். நாற்பது வயதுக்கு உட்பட்ட டோர்னிக்காரர்கள் எல்லாரும் அதில் ஏறி இறங்கி வளர்ந்தவர்கள்தான். இன்றைக்குக் கோட்டும் டையுமாக வங்கியில் உட்கார்ந்து கடன் தர மறுக்கிற கர்ட்டிஸ், அந்தப் பஸ்ஸின் நான்காவது இருக்கையில் வாந்தி எடுத்தவர். இடுப்பில் துப்பாக்கியோடு திரியும் ஷெரிஃபின் உதவியாளர் ஷேன், பின்பக்க இருக்கையில் குதித்து முன்பல்லை உடைத்துக்கொண்டவர். ஜன்னலுக்கு வெளியே எவன் கை நீட்டினாலும், முன்னாலிருந்து திரும்பிக்கூடப் பார்க்காமல் மிஸஸ் கே போடுகிற சத்தம் பிரசித்தம்: "கைய உள்ள வை!" சோளக்காட்டில் மேய்கிற மான்கூட அதைக் கேட்டு நிமிர்ந்து பார்க்கும்.

போன வருஷம் டோர்னிக் பள்ளியைப் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு இணைத்தார்கள். பக்கத்து ஊரில் ஏற்கெனவே பஸ் இருந்தது, அதற்கு ஓட்டுநரும் இருந்தார். மிஸஸ் கேவுக்கு ஒரு கேடயமும் ஒரு கேக்கும் கொடுத்து, கைதட்டி அனுப்பிவைத்தார்கள். மறுநாள் காலையில் எப்போதும்போல இருட்டோடு எழுந்து காபி போட்டுவிட்டு, எங்கே போவதென்று தெரியாமல் சமையலறையிலேயே நின்றிருந்தார். ஒமாஹாவிலிருந்து மகள் ஃபோன் செய்து, "இங்க வந்துடுங்கம்மா. மாடி வீடு, பால்கனி இருக்கு" என்றாள். பால்கனியில் என்ன செய்வது என்று கேட்டதற்கு, "சும்மா உக்காந்து வேடிக்கை பாருங்க" என்றாள். வாசலுக்கு வாசல் தனக்காகக் காத்து நிற்கிற முகங்களைப் பார்த்தே பழகியவர் மிஸஸ் கே. ஒமாஹாவில் அவருக்காக யாரும் காத்து நிற்கப் போவதில்லை.

ஏலத்தின் மேல் ஆசை இன்று நேற்று வந்ததல்ல. புதன்கிழமைகளில் பிள்ளைகளை இறக்கிவிட்டதும், ஊர்க்கோடியில் இருக்கும் ஸ்லாமாவின் மாட்டு ஏலக் கொட்டகையில்தான் அவருக்குச் சாப்பாடு. குழம்பில் ஊறின மாட்டிறைச்சி ரொட்டி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, வட்டமான அந்தக் கொட்டகையின் படிக்கட்டில் உட்கார்ந்து, டுவெய்ன் ஸ்லாமா ஏலம் விடுவதைக் கேட்பார். ஒரு தரம், இரண்டு தரம் என்று இழுத்துக்கொண்டிருக்கிற ஏலம் இல்லை அது. பாட்டா, பேச்சா, இரண்டு பேர் சண்டை போடுகிறார்களா என்று புதிதாக வருகிறவனுக்குப் புரியாது. ஒரு காளை உள்ளே வந்து, ஒரு சுற்றுச் சுற்றி, வெளியே போவதற்குள் அதன் விலை தீர்ந்திருக்கும். மிஸஸ் கே ரொட்டியைக் கடிக்க மறந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

கேடயம் வந்த வருஷத்திலேயே சேமிப்பை எடுத்துக்கொண்டு மிசூரிக்குக் கிளம்பிவிட்டார். அங்கே ஏலப் பள்ளி என்று ஒன்று உண்டு. ஹோட்டல் கூடத்தில் பெரிய தொப்பி வைத்த ஆண்களுக்கு நடுவே பூப்போட்ட சட்டையோடு இவர். காலையில் எழுந்ததும் எண் வரிசை: ஒன்றிலிருந்து நூறு, நூறிலிருந்து ஒன்று, இரண்டிரண்டாக, ஐந்தைந்தாக, இரண்டரை இரண்டரையாக. அப்புறம் பல்லுக்கு நடுவே பென்சிலைக் கடித்துக்கொண்டு, "கறுப்புக் காளை கறுக்குமுன்னே கறுப்புக் கன்னு கறுத்துப்போச்சு" என்பது மாதிரி நாக்குச் சுளுக்குகிற வாக்கியங்கள். முதல் இரண்டு நாள் அவருடைய நாக்கு பட்டுப்போன மரக்கட்டையாகக் கிடந்தது.

எண்ணைச் சொல்வது பெரிய காரியமில்லை. எண்ணுக்கும் எண்ணுக்கும் நடுவே என்ன சொல்கிறோம் என்பதில்தான் தொழில் இருக்கிறது. அந்த இடைவெளியை வெறுமனே விட்டால் வாங்குகிறவன் யோசிக்க ஆரம்பித்துவிடுவான், யோசித்தால் வாங்க மாட்டான். அதனால் ஒவ்வொருவரும் தனக்கென்று ஒரு நிரப்புச் சொல்லைத் தேடிக்கொள்ள வேண்டும், தூக்கத்தில் எழுப்பினாலும் வாயில் வருகிற மாதிரி. வாத்தியார் வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தார். மிஸஸ் கேயின் முறை வந்தபோது, வாயில் தானாக வந்தது, "சீட்ல உக்காரு!" தனக்குப் பின்னால் நின்றிருந்த ஒரு ஓக்லஹோமாக்காரர் உண்மையிலேயே உட்கார்ந்துவிட்டார் என்று மிஸஸ் கே சொல்வார். அவர் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் ஊரில் கேட்டுக்கொள்வார்கள். கடைசியில் "தர்றியா தர்றியா" என்பதைப் பிடித்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார்.

அதற்கப்புறம் வீட்டில் நிம்மதி போயிற்று. கணவர் வெண்டெலுக்கு அறுவடை யந்திரத்தின் சத்தத்திலேயே வாழ்ந்து ஒரு காது மந்தம். இன்னொரு காதும் மந்தமாக இருந்திருக்கலாமே என்று அவர் இந்தக் குளிர்காலத்தில்தான் முதல்முதலாக ஆசைப்பட்டார். ராத்திரிச் சாப்பாட்டில் மிச்சமிருக்கும் உருளைக்கிழங்கு சும்மா கிடைக்காது, ஏலத்தில் எடுக்க வேண்டும். எதிரே போட்டிக்கு நாய்.

"ரெண்டு வந்தாச்சு மூணு யாரு, தர்றியா தர்றியா மூணு..."

"ரோண்டா, அந்தக் கெழங்க இப்பிடித் தள்ளு."

"முள்கரண்டியத் தூக்கு. அப்பத்தான் கேட்டதாக் கணக்கு."

"நான்தானே அத நட்டேன், நான்தானே தோண்டினேன்!"

"நாய் மூணு கேட்டாச்சு. நாலு தர்றியா?"

வெண்டெல் முள்கரண்டியைத் தூக்கினார். வேறு வழி?

தொண்டைக்கு நல்லதென்று வெள்ளரிக்காய் ஊறுகாய்த் தண்ணீரைச் சுடவைத்துக் குடிக்கிற வழக்கமும் மிசூரியிலிருந்து வந்ததுதான். வீடு முழுக்கப் புளித்த வாடை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் காணிக்கைத் தட்டு வரிசையாக வந்தபோது வெண்டெல் ஐந்து டாலர் போட்டார். பக்கத்திலிருந்து தன்னிச்சையாக, "அஞ்சு வந்தாச்சு பத்து யாரு?" என்று குரல் வந்தது. முன்வரிசையில் இருந்தவர் பயந்துபோய் இருபதைப் போட்டார். பாதிரியார் ஒன்றும் கண்டிக்கவில்லை.

ஆனால் பசுவிடமும் நாயிடமும் விற்பது வேறு, காசு வைத்திருக்கிறவர்களிடம் விற்பது வேறு. ஸ்லாமாவைப் போய்ப் பார்த்தார். ஸ்லாமா எழுபதைத் தாண்டியவர், முழங்கால் போய்விட்டது, மகன் டென்வரில் கார் விற்கிறான். மாடுகளைத் தானே விற்றுக்கொள்வார். ஆனால் அதற்கு முன்னால் வருகிற கோழி, ஆடு, வைக்கோல் போன்ற சில்லறை உருப்படிகளுக்கு ஓர் ஆள் தேவை என்பது ஊருக்கே தெரியும். மிஸஸ் கே வாசலில் நின்றபடியே மூச்சுவிடாமல் ஒரு கட்டு வைக்கோலை விற்றுக் காட்டினார்.

ஸ்லாமா பல் குத்திக்கொண்டே கேட்டு முடித்தார். "கடகடன்னு ஒளர்றது ஏலம் இல்லம்மா. வாங்குறவனுக்கு ரெண்டு விஷயம் தெரியணும். இப்ப எவ்வளவு, அடுத்தது எவ்வளவு. மத்ததெல்லாம் சும்மா தாளம்."

"தாளம் நல்லா இருந்துச்சா?"

"வைக்கோலுக்குப் புடிச்சிருக்கும்." பல்குச்சியைத் துப்பினார். "தீயணைப்புக்காரங்க பலகார ஏலம் வருதுல்ல, சனிக்கிழம சாயங்காலம்? வருஷா வருஷம் நான்தான் விடறேன். இந்த வருஷம் நீ விடு. நான் பின்னாடி உக்காந்து பாக்கறேன். ஜனங்க கை தூக்கிக்கிட்டே இருக்கணும். கை நின்னா ஏலம் செத்துச்சுன்னு அர்த்தம். செத்துச்சுன்னா நீ உன் பொண்ணு வீட்டுக்குப் போய் பால்கனில உக்காரலாம்."

பால்கனி விஷயம் அவர் காதுவரை எப்படிப் போயிற்று என்று மிஸஸ் கே கேட்கவில்லை. டோர்னிக்கில் அப்படியெல்லாம் கேட்பது வழக்கமில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் தீயணைப்புக் கொட்டகையில் வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு மடக்கு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஒரு வண்டி மட்டும் உள்ளேயே நின்றது. அதன் பின்படிதான் மேடை. புதுத் தண்ணீர் வண்டிக்கு நிதி. ஊரே வந்திருந்தது. கசகசா வைத்தது, உலர்ந்த பிளம் வைத்தது என்று தட்டுத் தட்டாகக் கொலாச்சி என்கிற இனிப்பு பன், அடுக்கடுக்காகக் கேக். இந்த ஏலத்துக்கென்று ஒரு வழக்கம் உண்டு. விலைக்கு எடுத்தவர் காசைக் கொடுத்துவிட்டு, "திரும்ப விடுங்க" என்று பலகாரத்தைத் திருப்பிக் கொடுப்பார். அது மறுபடி ஏலத்துக்கு வரும். ஒரே கொலாச்சித் தட்டு கொட்டகையைப் பல சுற்றுச் சுற்றும். சாப்பிட ஆசைப்பட்டு முதல் தடவையே வீட்டுக்கு எடுத்துப் போகிறவனை ஒரு வருஷத்துக்குச் சொல்லிக்காட்டுவார்கள்.

மிஸஸ் கே படியில் ஏறினார். ஸ்லாமா சொன்னபடியே கடைசி வரிசையில், தொப்பியை முழங்காலில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முன்வரிசையில் வெண்டெல் இரண்டு கையையும் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டிருந்தார். உருளைக்கிழங்கு அனுபவம்.

முதல் கேக்குக்குத் தொண்டை இடறியது. இரண்டாவது கேக்குக்கு நாக்கு பிடி கொடுத்தது. மூன்றாவதில் கொட்டகை அவர் பக்கம் சாய்ந்தது. கைகள் கிளம்பின, கடைசி வரிசையிலிருந்துகூட. இத்தனை முகமும் தன்னையே பார்க்கிற சந்தோஷத்தில் மிஸஸ் கேவுக்கு இறக்கை முளைத்துவிட்டது. அப்போதுதான் கசகசாக் கொலாச்சித் தட்டு வந்தது. வங்கி கர்ட்டிஸுக்கும் ஷெரிஃபின் உதவியாளர் ஷேனுக்கும் நடுவே போட்டி மூண்டது. கர்ட்டிஸ் பாதி எழுந்து, பக்கத்து வரிசையின் தலைகளுக்கு மேலாகக் கையை முழுசாக நீட்டி ஆட்டிக்கொண்டிருந்தார். மிஸஸ் கே உச்ச வேகத்தில் இருந்தார். "எழுபத்தஞ்சு வந்தாச்சு எம்பது யாரு, தர்றியா தர்றியா எம்பது, வந்தாச்சு எம்பத்தஞ்சு யாரு, தர்றியா தர்றியா கைய உள்ள வை!"

நடுவில் இடைவெளியே இல்லாமல் வந்து விழுந்தது. கர்ட்டிஸின் மூளைக்கு எட்டுவதற்கு முன்னால் அவருடைய கை கீழே வந்துவிட்டது. ஷேனின் கையும் வந்துவிட்டது. கொட்டகையில் நாற்பது வயதுக்கு உட்பட்ட அத்தனை கைகளும் சட்டென்று மடிக்குப் போயின. சில பேர் முதுகைக்கூட நிமிர்த்திக்கொண்டார்கள். ஒரு கை இல்லை. ஒரு சத்தம் இல்லை.

கடைசி வரிசையில் ஸ்லாமா கூரையைப் பார்த்தார்.

மிஸஸ் கேயின் வாய் திறந்தபடி நின்றது. எண்பதுக்கு அடுத்தது என்ன என்பதே மறந்துபோயிற்று. விட்டுவிட்டுப் போனதாக நினைத்திருந்த மஞ்சள் பஸ் நேராக வந்து அவர் மேலேயே ஏறிவிட்டது. ஒமாஹாவும், அந்தப் பால்கனியும், அதில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் கண்முன்னால் தெளிவாகத் தெரிந்தன.

"மிஸஸ் கே," என்று ஷேன் பவ்வியமாகக் கூப்பிட்டார். "இப்ப எப்பிடிக் கேக்கறது? எந்திரிச்சாலும் திட்டுவீங்க, கத்தினாலும் திட்டுவீங்க."

கொட்டகை வெடித்துச் சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவே, கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கர்ட்டிஸின் வலது புருவம் மட்டும் லேசாக ஏறியது. மிஸஸ் கே அதைப் பார்த்துவிட்டார். பஸ் ஓட்டுகிறவருக்கு முன்னால் சாலை, தலைக்கு மேலே கண்ணாடி. அந்தக் கண்ணாடியில் முப்பது வருஷமாக அவர் பார்த்தது முகங்களை மட்டும்தான். எவன் எதை எப்போது எறியப் போகிறான் என்பது கைக்குத் தெரிவதற்கு முன்னால் புருவத்துக்குத் தெரிந்துவிடும்.

"எம்பத்தஞ்சு வந்தாச்சு!"

"நான் இன்னும் கேக்கவே இல்லயே!" என்று கர்ட்டிஸ் திடுக்கிட்டார்.

"உன் புருவம் கேட்டுச்சு. தொண்ணூறு யாரு, தர்றியா தர்றியா தொண்ணூறு..."

ஷேன் நாக்கைக் கன்னத்துக்குள் துருத்தினார். "தொண்ணூறு வந்தாச்சு!" ஒரு பெண் மூக்கைச் சுருக்கினாள். "தொண்ணூத்தஞ்சு!" அதற்குமேல் ஒருவரும் கையை எடுக்கவில்லை. விளையாட்டு எல்லாருக்கும் பிடிபட்டுவிட்டது. மஞ்சள் பஸ்ஸையே பார்க்காத கிழவர்கள்கூடக் கையைக் கட்டிக்கொண்டு தாடையாலும் மீசையாலும் கேட்டார்கள். கையே எழாத கொட்டகையில் விலை மட்டும் எழுந்துகொண்டிருந்தது. கொலாச்சித் தட்டு விற்கப்பட்டு, திரும்ப விடப்பட்டு, மறுபடி விற்கப்பட்டது. மிஸஸ் கே ஒரு இமையைக்கூடத் தவறவிடவில்லை. கடைசிச் சுற்றில், நூற்று முப்பதில் வந்து நின்றபோது, முன்வரிசையில் ஒரு வாய் அகலமாகத் திறந்தது.

"நூத்தி நாப்பது வந்தாச்சு! போச்சு! வெண்டெலுக்கே!"

"ரோண்டா, நான் கொட்டாவிதான் விட்டேன்!"

"ஏலத்துல கொட்டாவி விடக் கூடாதுன்னு உருளக்கெழங்குலயே சொன்னேன்ல?"

வெண்டெல் எழுந்து போய்த் தட்டை வாங்கிக்கொண்டார். "திரும்ப விடுங்க" என்று ஊரே கூவியது. அவர் மந்தக் காதை ஊர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, ஒரு கொலாச்சியை எடுத்துக் கடித்தார்.

ஜனம் கலைந்தபோது மிஸஸ் கேவுக்குக் குரல் சுத்தமாகப் போயிருந்தது. ஊறுகாய்த் தண்ணீர் ஒரு குவளை குடித்தும் வெறும் காற்றுதான் வந்தது. காலித் தட்டுகள் அடுக்கியிருந்த மேஜைக்கு எதிரே ஸ்லாமா வந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இது ஏலமா? பள்ளிக்கூடம்," என்றார். "கைய உள்ள வையாமே. ஏல மேடையில நின்னுக்கிட்டு எவளாவது இப்பிடிச் சொல்லுவாளா?" தொப்பியை மடியில் வைத்துக்கொண்டார். "ஆனா ஒருத்தன் கேட்டதக்கூட நீ விட்டுடல. சரி, புதன்கிழமையிலேருந்து வா. கோழி, ஆடு, வைக்கோல். நாளுக்கு எம்பது டாலர்."

சும்மா வா என்று கூப்பிட்டிருந்தாலும் மிஸஸ் கே ஓடியிருப்பார். சரி என்று சொல்ல வாயைத் திறந்தார். காற்று வந்தது.

ஸ்லாமா அவர் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். "என்ன, கொறைச்சலா? சரி, தொண்ணூறு."

அதில்லை என்று தலையாட்டிவிட்டு மிஸஸ் கே தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினார்.

"கழுத்தறுக்கறேன்னா சொல்ற?" ஸ்லாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஊர்ல எவன் வேணா என்னைப் பத்தி என்ன வேணா சொல்லட்டும், கழுத்தறுக்கறவன்னு யாரும் சொன்னதில்ல! நூறு. மத்தியானச் சாப்பாடும் என்னோடது."

சரி என்பதற்காக மறுபடியும் திறக்கப்போன வாயை மிஸஸ் கே அப்படியே மூடிக்கொண்டார். பேசாமல் ஸ்லாமாவைப் பார்த்தார். ஸ்லாமாவின் விரல்கள் தொப்பியின் விளிம்பைச் சுற்றத் தொடங்கின.

"நூத்திப் பத்து. அதுக்கு மேல ஒரு சென்ட் கெடையாது."

மிஸஸ் கே அசையவில்லை. வாழ்நாள் முழுக்க வெற்றிடத்தை நிரப்பியே பழகிய மனிதர் ஸ்லாமா. அவரால் தாங்க முடியவில்லை.

"நூத்தி இருவது!"

மிஸஸ் கே காலித் தட்டுகள் எகிற மேஜையில் உள்ளங்கையால் ஓங்கி ஒரு அடி அடித்து, ஆள்காட்டி விரலை நேராக ஸ்லாமாவை நோக்கி நீட்டினார்.